மீன் பண்ணைக்கு வரும் தண்ணீரில் நோய் புகாமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் செத்து மிதக்கும்போது எல்லோரும் கேட்பது மருந்தின் பெயரை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வரும் வழியில் அதில் வேறு மீன்கள் வாழ்கின்றனவா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பண்ணையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. இதில் நோய் இருக்குமா?

இருக்கலாம். தெளிவுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். மீனைத் தேடி நீந்தும் பருவத்தில் அது சுமார் 0.05 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வைரஸ் அதைவிடப் பல நூறு மடங்கு சிறியது. இவை எதையும் கண்ணால் பார்க்க முடியாது.

கலங்கிய நீர் என்றாலே நோய் என்றும் இல்லை. மழைக்குப் பின் மண் கரைந்து வரும் நீரில் மீன் நோய்க்கிருமி குறைவாகவே இருக்கலாம். ஆனால் அந்த மண் செவுளில் படிந்து மீனைச் சோர்வாக்கும். சோர்ந்த மீனை நோய் சீக்கிரம் பிடிக்கும்.

அப்படியானால் எந்த நீர் ஆதாரம் நல்லது?

மீன் வாழாத நீர்தான் நல்லது. மீனைத் தாக்கும் வைரஸ்களும் ஒட்டுண்ணிகளும் பெரும்பாலும் மீனிலிருந்தோ, மீனோடு சேர்ந்து வாழும் உயிரிகளிலிருந்தோதான் வருகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரும், மண்ணிலிருந்து கிளம்பும் இடத்திலேயே மூடிப் பிடித்த ஊற்று நீரும் இந்த வகையில் மிகப் பாதுகாப்பானவை. அடுத்தது நேரடியாகச் சேமித்த மழைநீர். அதற்கும் கீழே ஆறு, ஏரி, கால்வாய். மேல்பக்கத்தில் இன்னொரு மீன் பண்ணை இருக்கும் கால்வாயைக் கடைசியில்தான் வைப்பேன்.

ஊற்றை மூட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரவுட் என்ற குளிர்நீர் மீன்களுக்கு வரும் சுழல் நோய் 1893-இலேயே ஜெர்மனியில் பதிவானது. மீன் தன் வாலைத் துரத்துவது போல வட்டமடித்துச் சாகும். ஆனால் அது பரவும் விதம் 1980-களில்தான் தெளிவானது. நோயுள்ள மீனிலிருந்து வெளியேறும் ஒட்டுண்ணியின் வித்து நேரடியாக இன்னொரு மீனைத் தொற்றுவதில்லை. சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய புழுவுக்குள் போய், உருமாறி வெளியே வந்த பிறகுதான் மீனைத் தாக்கும். ஆக, ஊற்று நீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பண்ணைக்கு வரும் வழியில் சேறு படிந்த திறந்த வாய்க்காலில் ஓடினால் அந்தப் புழுவுக்கு வீடு கிடைத்துவிடுகிறது. மூடிய குழாயும் சிமெண்ட் தொட்டியும் பல பண்ணைகளில் இந்த நோயைக் குறைத்தது இதனால்தான்.

ஆழ்துளைக் கிணற்று நீரை நேராகக் குளத்தில் விடலாமா?

கூடாது. நோய் இல்லை என்பதற்காக அது மீனுக்கு ஏற்ற நீர் ஆகிவிடாது. ஆழத்து நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், சில இடங்களில் இல்லவே இல்லை. கார்பன் டை ஆக்சைடு அதிகம். இரும்பு இருந்தால் காற்றுப் பட்டதும் துருவாக மாறிச் செவுளில் படியும். அழுகிய முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது என்று பொருள். அது மீனுக்கு நஞ்சு.

இன்னொரு பிரச்சினையைப் பலர் கவனிப்பதில்லை. அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுதான் அது. மீனின் கண்ணிலும் துடுப்பிலும் சிறு குமிழ்கள் தெரியும், குஞ்சுகள் கொத்தாகச் சாகும். பார்ப்பவர்கள் வைரஸ் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். பம்பின் உறிஞ்சு குழாயில் எங்காவது காற்று கசிந்து உள்ளே போனாலும் இதே கதைதான். கசிந்த காற்று அழுத்தத்தில் நீரில் கரைந்துவிடும்.

தீர்வு எளிது. நீரை உயரத்திலிருந்து துளையிட்ட தட்டுகள் வழியாகவோ, பிளாஸ்டிக் வளையங்கள் நிரப்பிய கோபுரம் வழியாகவோ சிதறி விழவிடுங்கள். கெட்ட வாயு வெளியேறும், ஆக்சிஜன் உள்ளே வரும். இரும்பு இருந்தால் அப்புறம் ஒரு தொட்டியில் தேக்கி, படியவிட்டு, வடிகட்டிவிட்டுக் குளத்துக்கு அனுப்புங்கள்.

எனக்கு ஆற்று நீர் மட்டும்தான் கிடைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கருவி வாங்குவதற்கு முன் ஒரு நாள் ஆற்றின் மேல்பக்கமாக நடந்து பாருங்கள். அங்கே பண்ணை இருக்கிறதா, மீன் கழுவும் இடம் இருக்கிறதா, கழிவு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். உங்கள் பண்ணையின் கழிவு நீர் வெளியேறும் இடம், நீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் நீர் மட்டம் ஏறி இறங்கும் கழிமுகங்களில் வடிந்த நீர் அடுத்த ஏற்றத்தில் திரும்பி வந்து அதே பம்பில் ஏறுவது சாதாரணமாக நடக்கிறது.

அப்புறம் வரிசை. பெரிய குப்பையைத் தடுக்கும் கம்பி வலை, வண்டல் படியும் தேக்கக் குளம், நுண் வடிகட்டி, அதற்குப் பிறகு கிருமி நீக்கம், கடைசியில் காற்றூட்டல். இந்த வரிசையை மாற்றினால் பணம் வீண். கலங்கிய நீரில் குளோரின் போட்டால் அது கிருமியைக் கொல்வதற்கு முன் சேற்றோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிடும். யூவி எனப்படும் புற ஊதா ஒளி மண் துகளின் நிழலைத் தாண்டிப் போகாது.

எந்த அளவு வலை போட வேண்டும்?

எதைத் தடுக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காட்டு மீனும் அதன் குஞ்சுகளும் முட்டைகளும் வராமல் இருக்க 250 முதல் 300 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணுள்ள பை வலை போதும். நுழைவுக் குழாயின் வாயில் நீளமான பையாகக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் சீக்கிரம் அடைத்துக் கிழியும். இறால் பண்ணைகளில் இன்னும் நுண்ணிய பைகளை அடுக்கடுக்காகக் கட்டுவார்கள், ஏனென்றால் இறாலின் வெள்ளைப்புள்ளி வைரஸை (மீனின் வெண்புள்ளி நோய் வேறு) சிறு நண்டுகளும் மிதவை உயிரிகளும் சுமந்து வரும்.

டிரம் ஃபில்டர் என்ற சுழலும் உருளை வடிகட்டியும் மணல் வடிகட்டியும் 20 முதல் 60 மைக்ரான் அளவிலான துகள்களைப் பிடிக்கும். ஒட்டுண்ணிகள் சில அதில் மாட்டும். பாக்டீரியாவும் வைரஸும் தனியாக இருந்தால் நழுவிப் போகும், ஆனால் துகளோடு ஒட்டியவை அங்கேயே நின்றுவிடும். இந்தப் பலனைக் குறைத்து மதிக்காதீர்கள்.

பை வலையைத் தினமும் பாருங்கள். ஒரு விரல் அளவு கிழிசல் போதும்.

தண்ணீரைச் சும்மா தேக்கி வைப்பதில் என்ன பயன்?

நிறைய. பல நோய்க்கிருமிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் வாழ்வு முடிந்தது. வெண்புள்ளி ஒட்டுண்ணியின் நீந்தும் பருவம் வெதுவெதுப்பான நீரில் ஓரிரண்டு நாள்தான் தாங்கும். இறாலின் வெள்ளைப்புள்ளி வைரஸ் உயிரியின் உடலுக்கு வெளியே நீரில் மூன்று நான்கு நாட்கள் வரை வீரியத்தோடு இருக்கும். அதற்கு மேல் வைத்திருந்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. காத்திருப்பதற்குச் செலவு இல்லை, இடம்தான் வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. தேக்கக் குளத்தில் மீனோ நண்டோ இறாலோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் கிருமி சாவதற்குப் பதில் அங்கேயே பெருகும். “சும்மா நாலு மீன் விட்டு வைத்தேன், பாசி தின்னட்டும் என்று” எனச் சொல்லும் பண்ணையாளர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நாலு மீன் பண்ணை முழுவதற்கும் நோய் ஊட்டும் தாயாக மாறிவிடும்.

குளிர்ந்த நீரில் கிருமிகள் அதிக நாள் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் சொன்ன நாள்கணக்கு வெப்பமான நீருக்கானது.

ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

முதலில், மூட்டையின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் செயல்படும் குளோரினை வைத்துப் போடுங்கள். நல்ல ப்ளீச்சிங் பவுடரில் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். திறந்து வைத்த, ஈரம் பட்ட மூட்டையில் பாதிகூட மிஞ்சாது.

கணக்கு இப்படி: தேக்கக் குளத்தில் 1000 கன மீட்டர் நீர் இருக்கிறது, லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் மொத்தம் 10 கிலோ குளோரின் தேவை. 30 சதவீதப் பவுடர் என்றால் ஏறத்தாழ 33 கிலோ. வடிகட்டிய நீருக்கு 10 மில்லிகிராம் பொதுவாகப் போதும். கரிமக் கழிவு அதிகமுள்ள நீருக்கும், வைரஸ் சுமக்கும் சிறு உயிரிகளைக் கொல்ல வேண்டிய இறால் பண்ணைக்கும் 20, 30 வரை போவார்கள்.

அடுத்தது பி.எச்., அதாவது நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் எண். இதைக் கவனிக்காமல் குளோரின் போடுவது பாதி மருந்தைக் கொட்டிவிடுவது போல. கிருமியைக் கொல்லும் வடிவம் ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் பாதி அந்த வடிவில் இருக்கும். 8.5-க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குதான். பாசி பச்சையாக அடர்ந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். ஏறிவிடும், ஆகவே விடியற்காலையில் போடுங்கள். வெயிலும் குளோரினைச் சிதைக்கும் என்பதால் இது இரட்டை லாபம். சுண்ணாம்பு போடுவதாக இருந்தால் குளோரினுக்குப் பிறகு போடுங்கள், முன்பு அல்ல.

பிறகு நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டிக் குளோரினை வெளியேற்றுங்கள். மிச்சம் இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் கட்டாயம் பாருங்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்கூட மீனின் செவுளைப் புண்ணாக்கும். மிச்சம் இருந்தால் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போடுங்கள். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மேலே சொன்ன குளத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் மிச்சம் என்றால் 7 கிலோ. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகும். அது எளிதில் வெளியேறாது, மீனுக்கும் நஞ்சு. அதனால் சோதனையில் தனிக் குளோரினை மட்டும் பார்க்காமல் மொத்தக் குளோரினையும் பாருங்கள்.

மீன் இருக்கும் குளத்திலேயே கொஞ்சம் ப்ளீச்சிங் தூவினால்?

வேண்டாம். கிருமியைக் கொல்லும் அளவு மீனையும் கொல்லும். மீனுக்குத் தாங்கும் அளவு கிருமியை ஒன்றும் செய்யாது.

யூவி விளக்கு போட்டால் எல்லாக் கிருமியும் போய்விடுமா?

சரியாகப் போட்டால் மிக நல்ல கருவி. நீரில் எந்த ரசாயனமும் மிஞ்சாது. ஆனால் “யூவி இருக்கிறது” என்று சொல்வது போதாது, எவ்வளவு ஒளி கிருமியின் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி. அந்த அளவைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று சொல்வார்கள். மீனைத் தாக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் 20-க்குள் அடங்கிவிடும். சால்மன், டிரவுட் மீன்களைக் கொல்லும் ஐஎச்என், விஎச்எஸ் போன்ற வைரஸ்கள் 10-க்குள். ஆனால் கணையத்தைத் தாக்கும் ஐபிஎன் வைரஸ் 100-ஐத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஒட்டுண்ணிகளுக்கும் அதிக அளவு வேண்டும். ஆகவே விற்பவரிடம் எத்தனை வாட் என்று கேட்பதை விட, “என் நீரோட்ட வேகத்தில், என் நீரின் தெளிவில், விளக்கின் ஆயுள் முடியும் நாளில் எத்தனை மில்லிஜூல் கிடைக்கும்?” என்று கேளுங்கள். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். விளக்கு ஓராண்டு தொடர்ந்து எரிந்தால் நீல வெளிச்சம் அப்படியேதான் தெரியும், கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் ஒளியோ நன்றாகக் குறைந்திருக்கும்.

ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் மாதக்கணக்காகக் குஞ்சுகள் செத்துக்கொண்டிருந்தன. யூவி விளக்கு இரவும் பகலும் எரிகிறது என்றார்கள். விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடி உறையைக் கழற்றிப் பார்த்தால் இரும்புக் கறை பழுப்பாகப் பூசியிருந்தது. ஒளி வெளியே வரவே இல்லை. எலுமிச்சைச் சாறு போன்ற மென்மையான அமிலத்தால் துடைத்தாலே போகும் கறை அது. உறையைத் துடைக்கும் நாளைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மின்சாரம் நின்றால் விளக்கு அணையும், ஆனால் மேட்டுத் தொட்டியிலிருந்து நீர் தானாக ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு அணைந்தால் நீரும் நிற்கும்படி வால்வு வைப்பது அவசியம்.

ஓசோன்?

கிருமியைக் கொல்ல நீரில் செலுத்தும் வாயு இது. வலிமையானது, நீரின் நிறத்தையும் கரிமக் கழிவையும் சேர்த்தே குறைக்கும். ஆனால் மிச்சமிருக்கும் ஓசோன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் அளவிலேயே மீனைத் தாக்கத் தொடங்கும். அதனால் மீனுக்குப் போகும் முன் அதை நீக்கியாக வேண்டும். கடல் நீரில் இன்னும் கவனம் தேவை. அங்குள்ள புரோமைடோடு சேர்ந்து நீண்ட நேரம் நிற்கும் நச்சுப் பொருட்களை உண்டாக்கும், அவற்றை அகற்றக் கரி வடிகட்டி வேண்டும். மூடிய அறையில் கசிந்தால் வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் கெடுதல். அளவிடும் கருவியும் அதைத் தினமும் பார்க்கும் ஆளும் இல்லாத பண்ணைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நீரிலுள்ள எல்லாக் கிருமியையும் கொன்றுவிட்டால் கவலையே இல்லையே?

அப்படித்தான் தோன்றும். ஆனால் பொரிப்பகங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. முற்றிலும் கிருமி நீக்கிய நீர் காலி வீடு மாதிரி. அதில் முதலில் குடியேறுபவை வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்கள். வாய்ப்புக் கிடைத்தால் நோய் உண்டாக்கும் வகைகள் பல அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. மெதுவாக வளரும், தீங்கில்லாத பாக்டீரியாக்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அவற்றுக்கு இடம் கிடைக்காது. இதற்காகக் கிருமி நீக்கிய நீரை, நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கும் உயிர் வடிகட்டி வழியாகச் சில நாள் சுழலவிட்டு, நீரைப் பக்குவப்படுத்தி, பிறகு நுண்குஞ்சுகளை விடும் முறை கடல் மீன் பொரிப்பகங்களில் நல்ல பலன் தந்திருக்கிறது.

ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எந்த நன்னீரிலும் இருக்கும், ஒழிக்க முடியாது. மீன் நெருக்கடியில் சிக்கும்போதுதான் அவை நோயாக மாறும். ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பதும், அம்மோனியா ஏறாமல் இருப்பதும்கூட நோய்த் தடுப்புதான்.

ஒரு குளத்திலிருந்து வழியும் நீரை அடுத்த குளத்துக்கு விடுகிறேன். தவறா?

ஆம். முதல் குளத்தில் வரும் எந்த நோயும் கடைசிக் குளம் வரை போகும். ஒவ்வொரு குளத்துக்கும் தனி மதகும் தனி வடிகாலும் வேண்டும். நீர் குறைவு என்பதால் வேறு வழியே இல்லை என்றால், குஞ்சுகளை முதலில் வையுங்கள், பெரிய மீன்களைக் கீழே வையுங்கள். நோயைச் சுமந்தும் வெளியே காட்டாமல் இருப்பவை பெரும்பாலும் பெரிய மீன்கள்தான்.

வலை, வாளி, காலணி ஆகியவையும் ஒரு வகையில் நீர் ஆதாரமே. ஈர வலையில் இருக்கும் ஒரு கை நீர் அடுத்த குளத்துக்கு நோயைக் கொண்டு போகும். குளத்துக்கு ஒரு வலை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

குஞ்சு வாங்கி வரும் பையிலுள்ள தண்ணீரைக் குளத்தில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். பையைக் குளத்து நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலை ஒன்றானதும், உங்கள் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேருங்கள். பிறகு குஞ்சுகளை மட்டும் கைவலையால் எடுத்து விடுங்கள். பை நீரைக் குளோரின் கலந்து, பண்ணை நீரோடு சேராத இடத்தில் கொட்டுங்கள்.

இதைவிட முக்கியம், புதுக் குஞ்சுகளை நேராகக் குளத்தில் விடாமல் தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பார்ப்பது. அந்தத் தொட்டியின் கழிவு நீர் பண்ணையின் நீர்வழியில் சேரவே கூடாது. வெப்பநிலையையும் யோசியுங்கள். கெண்டை மீன்களைக் கொல்லும் கோய் ஹெர்பீஸ் வைரஸ் பொதுவாக 16 முதல் 28 டிகிரி வரையிலான நீரில்தான் நோயாக வெளிப்படும். குளிர்ந்த நீரில் ஒரு மாதம் தனிமைப்படுத்தி “நல்ல மீன்தான்” என்று முடிவு செய்தால், கோடையில் குளம் முழுவதும் சாகும்.

நத்தை, பறவை, தவளை இவற்றால் என்ன ஆபத்து?

மீனின் கண்ணைக் குருடாக்கும் தட்டைப்புழு போன்ற பல ஒட்டுண்ணிகள் நத்தை, மீன், மீன் தின்னும் பறவை என்று மூன்று உயிர்களில் சுற்றுகின்றன. பறவையை முழுதாகத் தடுப்பது கடினம். நத்தையைக் குறைத்தாலே சுற்று அறுந்துவிடும். நீர்வரும் வாய்க்காலின் ஓரச் செடிகளை வெட்டுங்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது காயவிடுங்கள். சிறு தொட்டிகளின் மேல் வலை கட்டலாம்.

கடலிலோ ஏரியிலோ கூண்டு வைத்து வளர்க்கிறேன். எனக்கு நுழைவாயே இல்லையே?

உங்களுக்கு அக்கம்பக்கத்தாரின் தண்ணீர்தான் நீர் ஆதாரம். சிலி நாட்டில் 2007-இல் சால்மன் கூண்டுகளில், அந்த மீனுக்கு இரத்தசோகை உண்டாக்கும் ஐஎஸ்ஏ வைரஸ் பரவியபோது, பண்ணைகள் நெருக்கமாக இருந்ததால் அது நீரோட்டத்தோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டின் அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி பாதிக்கும் கீழே போனது. அதன் பிறகு அங்கே பண்ணைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் மீன் விட்டு, ஒரே காலத்தில் கூண்டுகளைக் காலியாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கூண்டு வளர்ப்பில் வடிகட்டியால் செய்ய முடியாததை இந்த ஒப்பந்தம் செய்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரரோடு பேசுங்கள்.

அறுவடைக்குப் பின் குளத்தை என்ன செய்வது?

வற்றவிட்டு, மண் வெடிக்கும் வரை காயப்போடுங்கள். காயாத பள்ளங்களில் சுட்ட சுண்ணாம்பு தூவுங்கள். சேற்றின் பி.எச். 11-ஐத் தாண்டினால் பெரும்பாலான கிருமிகளும் ஒளிந்திருக்கும் மீன்களும் சாகும். வாய்க்காலையும் மதகின் இடுக்கையும் மறக்காதீர்கள். மீண்டும் நீர் விட்டபின் பி.எச். 9-க்குக் கீழே இறங்கிய பிறகே குஞ்சு விடுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கை நீரில் கலந்து வைத்தால் முன்தடுப்பு ஆகுமா?

ஆகாது. வைரஸையும் ஒட்டுண்ணியையும் அது தொடாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை மட்டும் வளர்த்துவிடும்.

நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் நோய் இருக்கிறதா என்று தெரியுமா?

குறிப்பிட்ட வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு பாட்டில் நீரில் அது அகப்படவில்லை என்பதால் ஆற்றிலேயே இல்லை என்று ஆகாது. நான் அதிகம் நம்பும் வழி பழையது: நீர் நுழையும் இடத்தில் ஒரு தொட்டி வைத்து, அதில் சுத்திகரிக்காத நீரை ஓடவிட்டு, உங்கள் இன மீன்கள் சிலவற்றை வளருங்கள். கழிவு நீர் பண்ணைக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஏதாவது வந்தால் முதலில் அவைதான் தீனி எடுப்பதை நிறுத்தும், உடலைத் தரையில் உரசும். அன்றே மதகை மூடி, தேக்கக் குளத்து நீரில் சமாளிக்கலாம்.

நோய் வந்தே விட்டது. உடனே தண்ணீரை மாற்றிவிடலாமா?

முதலில் வடிகாலை மூடுங்கள். நோயுள்ள நீரை வெளியே விட்டால் கீழே இருப்பவருக்கு நோய், சில நாட்களில் காட்டு மீன்கள் வழியாக உங்களுக்கே திரும்பவும் வரும். புது நீர் விட வேண்டிய கட்டாயம் இருந்தால், வெளியேறும் நீரைத் தனிக் குளத்தில் தேக்கிக் கிருமி நீக்கிவிட்டு விடுங்கள். தீனியைக் குறைத்து, ஏரேட்டரைக் கூட்டுங்கள். செத்த மீன்களை நாளுக்கு இரண்டு முறையாவது அள்ளி, நீர்நிலைக்குத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்போடு புதையுங்கள். ஒவ்வொரு செத்த மீனும் தண்ணீரில் கிருமியைக் கொட்டிக்கொண்டே இருக்கும், கால்வாயில் வீசினால் அது அடுத்த பண்ணையின் மதகில் போய் நிற்கும். உயிரோடிருக்கும் நோயுற்ற மீன்களில் நாலைந்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். செத்து மணிக்கணக்கான மீனில் வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடும், உண்மையான காரணம் தெரியாமல் போகும். எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகு, அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று மதகிலிருந்து தொடங்கித் தேடுங்கள்.